எங்கள் வீட்டு லீ ஹுவா

“லீ ஹுவா எங்கே?”

முன்கதவைத் திறந்ததும் ஹெலன் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் விறுவிறு என்று உள்ளே வந்துவிட்டாள். முன்பு இரண்டு தரம் வந்தபோது கழற்றி, சோடி சேர்த்து, சுவரோரம் வைத்தவள் அவள்.

“எந்த லீ ஹுவா?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நான் உங்களிட்டக் கேக்கிறன், மிஸிஸ் பாக்கியம்.”

அவள் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள். மேசை விரிப்பைத் தூக்கினாள். குனிந்தாள். பிறகு முழங்காலில் இருந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மேசைக்குக் கீழே வெங்காயக் கூடையும் ஒரு உருளைக்கிழங்குப் பையும் இருந்தன. அவற்றை ஏதோ சாட்சியைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள்.

“இதுக்குள்ள ஆராவது படுக்கிறவையா?”

எனக்கு விளங்கவில்லை. ஹெலனுக்குச் சுகமில்லையோ என்று நினைத்தேன். ஒரு நடுத்தர வயதுப் பெண் காலையில் வந்து என் மேசைக்குக் கீழே ஆளைத் தேடினால் வேறு என்னத்தை நினைக்கிறது? “தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, படிக்குக் கீழே இருக்கிற அலுமாரியைத் திறந்தாள். அரிசி மூட்டை, கிறிஸ்மஸ் மரம், தூசு உறிஞ்சுகிற மெஷின். லீ ஹுவா அங்கேயும் இல்லை.

ஆர் அந்த லீ ஹுவா என்று சொல்லுவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஞாபகப் பெட்டி

ஆஸ்பத்திரி லோண்டரியில் நான் உடுப்புத் தோய்க்கிற வேலை செய்த கதை இந்தத் தொடரில் போன கிழமை வந்தது. அதை வாசித்துவிட்டு ஒருவர் தேவியின் போனுக்கு எடுத்து, “அந்த அக்கா இவ்வளவு ஞாபகத்தையும் எங்கே வைத்திருக்கிறா?” என்று கேட்டாராம். தேவி அடுத்த தெருவில் இருக்கிறவள். நான் சொல்லச் சொல்ல இந்தத் தொடரை எழுதித் தருகிறவளும் அவள்தான்.

அவருக்கு என் மறுமொழி இதுதான். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். செபப் புத்தகத்தில் பெரிய எழுத்து என்றால் தமிழ் வாசிப்பேன். ஆங்கிலம் கதைப்பேன், யாரோடும் கதைப்பேன், சண்டையும் பிடிப்பேன். ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்ததோ பஸ் நம்பர், கதவில் புஷ், புல், கடையில் சேல், அவ்வளவுதான். ஏபிசி தெரியும், அதைக் கூட்டத் தெரியாது.

கையெழுத்தைத் தமிழில்தான் போடுவேன். வங்கிக்காரரும் கவுன்சில்காரரும் அதை இவ்வளவு காலமும் மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஹெலனும் இனி வரப்போகிற சின்னி என்ற பிள்ளையும் கதைத்தது ஆங்கிலம். நான் அவர்களை எங்கள் ஊர்த் தமிழில்தான் கதைக்க வைக்கப் போகிறேன். வேறு தமிழ் எனக்குத் தெரியாது.

சின்னி

சீனாவில் இருந்து உயர்தரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தவணைக்கு, மூன்று மாதமளவில், லண்டன் வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆங்கிலம் பழகித் திரும்புவார்கள். அவர்களை வீடுகளில் தங்க வைக்கிற ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கேதான் ஹெலனுக்கு வேலை. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் என் வீட்டு மேல்மாடி அறை சும்மா கிடந்தது. நான் கேட்டேன், அவர்கள் தந்தார்கள்.

பதினாறு வயதுப் பிள்ளை. பேர் சின்யீ. என் வாயில் அது முதல் நாளே சின்னி ஆகிவிட்டது. சின்னி என்னைவிட ஒரு முழம் உயரம். “சின்னி எண்டால் என்ன அன்ரி?” என்று கேட்டாள். சின்ன ஆள் என்றேன். கதவு நிலையில் தலை முட்டுகிற பிள்ளைக்கு அந்தப் பேர் நல்லாகப் பிடித்துக்கொண்டது.

நாள் முழுக்கச் சுடுதண்ணீர் குடிப்பாள். புட்டுக்கு சோயா சோஸ் ஊற்றுவாள். முதலில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவேன். இப்போது நானும் ஊற்றுகிறேன்.

விண்ணப்பத்தை நிரப்பியவன் என் மகன் சீலன். லண்டனின் மேற்கு முனையில், ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான், விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. ‘வீட்டில் ஆங்கிலம் எழுத வாசிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா?’ என்று ஒரு கேள்வி. ஓம் என்று சரி போட்டுவிட்டான்.

“எடேய், ஆரடா தெரிஞ்சவர்?”

“நான்தானம்மா.”

“நீ ஹவுன்ஸ்லோவிலயெல்லோ இருக்கிறாய்!”

“அம்மா, நான் உங்கட பிள்ளை. எனக்குத் தெரிஞ்சால் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரித்தான்.”

அவன் சின்ன வயதில் இருந்தே இப்படித்தான்.

மூன்றாவது விடை

முதல் நாள் பின்னேரமே சின்னி ஒரு தாளோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். அடுத்த வருடம் அவளுக்கு ஊரில் பெரிய பரீட்சை. அதற்காக அவளுடைய ஆசிரியை ஒவ்வொரு ஞாயிறும் சீனாவில் இருந்து பயிற்சித் தாள் அனுப்புவா. இவள் எழுதி, படம் பிடித்து, திருப்பி அனுப்ப வேண்டும்.

“அன்ரி, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நான் வாசிப்பன். நீங்கள் பிழை திருத்த வேணும். அலுவலகத்தின்ர விதி.”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “வாசி” என்றேன்.

வாசித்தாள் என்றா சொல்லுவது? ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயில். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் விடிந்ததும் வகுப்பு முழுவதும் எழும்பி நின்று சத்தமாக வாசிக்குமாம். அந்தப் பழக்கம். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை.

“மெள்ள, ஆறுதலா. திருப்பி.”

திருப்பி வாசித்தாள். ஒரு பெடியன் மழைக்குள் எங்கேயோ போகிறான் என்று விளங்கியது.

“இவன் ஏன் மழைக்குள்ள போறான்? வீட்டில ஆக்கள் இல்லையா?”

சின்னி தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “தெரியாது அன்ரி.”

“தெரியாமலோ இவ்வளவு கெதியா வாசிச்சனி?”

காது சிவந்துபோனது பிள்ளைக்கு. மூன்றாம் தரம் வாசித்தாள், தானே நிறுத்தி நிறுத்தி. அந்தப் பெடியன் தன் ஆட்டைத் தேடிப் போனவன் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தோம். ஆடு என்றதும் நான் கையைத் தட்டிவிட்டேன்.

பிறகு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றுதான் சரி. இங்கேதான் என் பேர் ஓங்கியது. அவள் நாலையும் வாசிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பிழையான விடைகளை ஓட்டமாக ஓடிவிடுவாள். சரியானதில் குரல் ஒரு கணம் கால் ஊன்றும். அவளுக்கு விடை தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது.

“மூண்டாவது” என்பேன்.

விடைத்தாளைப் புரட்டுவாள். கண் பெரிதாகும். “அன்ரி! நீங்கள் என்ன படிச்சனீங்கள்?”

“லோண்டரி.”

பொய் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக, மெஷினைத் திறக்காமல், சத்தத்தை வைத்தே எதற்குள் என்ன பிழை என்று சொன்னவள் நான். ஒரு பிள்ளையின் தொண்டை அதைவிடக் கஷ்டமா?

எல்லாரும் ஏன் அழுகிறார்கள்?

தாளின் கடைசியில் ஒரு கதை வரும். பாதியில் நிற்கும். அடுத்த இரண்டு பந்திகளுக்கும் முதல் வரியை மட்டும் தந்துவிட்டு, மீதியை நீ எழுது என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இது பெரிய புதுமை. சனத்தைப் பாதியில் தொங்கவிடுகிற வேலையைப் பள்ளிக்கூடமே செய்கிறதே!

சின்னி எந்தக் கதையை முடித்தாலும் கடைசியில் எல்லாருக்கும் கண்ணீர் ததும்பும், வெய்யில் எறிக்கும், கட்டிப்பிடிப்பார்கள். நாய் தொலைந்த கதை, ஓட்டப்பந்தயத்தில் விழுந்த கதை, கேக் கருகின கதை, எல்லாவற்றுக்கும் அதே கண்ணீர், அதே வெய்யில்.

“கேக் கருகினதுக்கு ஏன் பிள்ளை ஊரே நிண்டு அழுகுது?”

“கடைசிப் பந்தி அன்ரி. கண்ணீர் வந்தால்தான் பரீட்சையில புள்ளி வரும்.”

“கருகினதைச் சுரண்டிப்போட்டுச் சாப்பிட்டிச்சினம் எண்டு எழுதன்.”

எழுதினாள். ஆசிரியை அதற்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டு அனுப்பினா. அன்றைக்கு அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

பீட்டரும் ஆமெனும்

தாளில் எனக்குப் பிடித்த பகுதி கடிதம். எப்போதும் ‘டியர் பீட்டர்’ என்று தொடங்கும். இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

“உண்மையைச் சொல்லு. ஆரடி இந்தப் பீட்டர்?”

“ஆரும் இல்லை அன்ரி! பரீட்சைக்காரர் வைச்ச பேர்!”

“உன்ர அப்பாவுக்குத் தெரியுமோ?”

மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சரி, பீட்டர் பொய் என்று அன்றைக்கு விளங்கியது. கடிதத்தின் மற்ற முனையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதில்தான் வந்தது வினை.

கடிதம் எப்போதும் ‘யுவர்ஸ், லீ ஹுவா’ என்று முடியும். எந்தக் கடிதம் என்றாலும் அதே முடிவு. நான் அதைச் செபத்தின் முடிவில் வருகிற ஆமென் மாதிரி எடுத்துக்கொண்டேன். யுவர்ஸ்லீஹுவா. ஒரே சொல். வெள்ளைக்காரர் கடிதத்தை இப்படித்தான் மரியாதையாக மூடுவார்கள் போலும் என்று நினைத்தேன். சொல்லவும் நல்லாக இருந்தது. வாயில் காற்றுப் போகிற மாதிரி.

இதற்கு என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது கத்தோலிக்கக் கோவிலில் பூசை லத்தீனில். ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்று சுவாமியார் சொல்ல, ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’ என்று கோவில் முழுவதும் மறுமொழி சொல்லும். ஒருவருக்கும் பொருள் தெரியாது. ஒருவரும் பிழை விட்டதும் இல்லை. அப்படிப் பழகிய காது இது. சின்னி தினமும் வாசித்த கடித வரிகள் எல்லாம் எனக்கு ஒரு மாதத்தில் பாடம். உங்களிடம் இருந்து அறிந்து மகிழ்ச்சி என்பதற்கு ‘ஐ ஆம் டிலைட்டட் டு ஹியர் ஃப்ரொம் யூ’. விரைவில் பதிலை எதிர்பார்க்கிறேன் என்பதற்கு ‘லுக்கிங் ஃபோவர்ட் டு யுவர் ஏர்லி ரிப்ளை’. பாத்திரம் கழுவும்போதும் அதுதான் வரும்.

வெள்ளிக்கிழமைக்குள்

ஒரு திங்கட்கிழமை ஹெலன் போன் எடுத்தாள். ஒவ்வொரு கிழமையும் பிள்ளையின் வாசிப்பைப் பற்றி வீட்டுக்காரர் ஒரு வரியாவது எழுதி அனுப்ப வேண்டுமாம். நான் வெறும் படிவத்தில் தமிழ்க் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“மிஸிஸ் பாக்கியம், உங்கட வீட்டில இங்கிலிஷ் எழுதக்கூடிய ஆள் இருக்கோ இல்லையோ? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்தில எனக்கு ஒரு வரி வர வேணும். இல்லையெண்டால் நான் பிள்ளையை வேற குடும்பத்துக்கு மாத்தத்தான் வேணும்.”

வேறு குடும்பம் என்றால் லண்டனின் மற்றப் பக்கம். போன் ஸ்பீக்கரில் கிடந்தது, சின்னி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீர்க் கோப்பையோடு மேலே போய்விட்டாள்.

தேவி அப்போது கனடாவுக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போயிருந்தாள். சீலனிடம் கேட்டால் இன்னொரு சரி போடுவான். எனக்குக் கோபம் வந்தது. ஹெலன் மேல் இல்லை, என் மேல். ஒரு வரிதானே கேட்கிறாள்? இத்தனை வரி எனக்குப் பாடம்!

செவ்வாய், புதன், வியாழன், மூன்று காலை. சின்னி பள்ளிக்கூடம் போனதும் பிஸ்கட் டின்னில் அவள் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். மேலே இருக்கிற முதல் சொல் ‘டியர்’, சந்தேகம் இல்லை. ஹெலனின் பேரை அவள் தந்த அட்டையைப் பார்த்து வரைந்தேன். ஓம், வரைந்தேன், எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்து மகிழ்ச்சி வரி.

பிறகு முக்கியமான வரி. ஒரு பிள்ளை மேசைப் பந்து அணித் தலைவரிடம், தயவுசெய்து என்னை அணியிலேயே இருக்க விடுங்கள் என்று கெஞ்சுகிற கடிதம் ஒன்று இருந்தது. அதில் ‘ஐ வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் லெட் மீ ஸ்டே’ வரை எடுத்தால் போதும். இருக்க விடுங்கள். அதற்குப் பின்னால் வருகிற மேசைப் பந்து எனக்குத் தேவையில்லை.

ஸ்டே எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கையில் செபமாலையை எடுத்தேன். வாயால் ஒரு துண்டு, கையால் ஒரு மணி, மற்ற விரலால் தாளில் ஒரு சொல். ஐ. வுட். அப். ரி. ஷி. யேட். இட். இஃப். யூ. குட். லெட். மீ. ஸ்டே. விரல் நின்ற இடம் வரை வரைந்து, ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

அப்ரிஷியேட் என்பது ஒரே சொல் என்று எனக்கு ஆர் சொன்னது? வாயில் அது நாலு மணி. விரல் மூன்று சொல் கூடப் போய்விட்டது.

பிறகு பதில் வரி, கடைசியில் ‘யுவர்ஸ், லீ ஹுவா’. உறையில் ஹெலனின் விலாசத்தையும் என் விலாசத்தையும் வரைந்து, முத்திரை ஒட்டி வியாழக்கிழமை பெட்டியில் போட்டேன். ஹை ரோட்டால் திரும்பி வரும்போது, எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் எனக்கு விலகி இடம் விட வேண்டும் போல ஒரு நடை நடந்தேன்.

முடிவு என்று நினைத்தது

இனி சனிக்கிழமைக் காலைக்கு வருவோம். ஹெலன் என் மேசைக்குக் கீழே ஆளைத் தேடிக்கொண்டிருந்தாளே, அந்தக் காலை.

அலுமாரியைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தாள். ஒன்று அச்சடித்த மாதிரி அழகான எழுத்து. மற்றது என்னுடையது.

“இது முதல் கடிதம். ‘தயவுசெய்து என்னை இந்த வீட்டில இருந்து அனுப்ப வேண்டாம். யுவர்ஸ், லீ ஹுவா.’ இது ரண்டாவது. நான் அப்படியே வாசிக்கிறன். ‘உங்களிடம் இருந்து அறிந்து மகிழ்ச்சி. என்னை மேசைக்குள்ள இருக்க விட்டால் நன்றியுடையவளாக இருப்பன். விரைவில் பதிலை எதிர்பார்க்கிறன். யுவர்ஸ், லீ ஹுவா.’”

ஹெலனின் குரல் உயர்ந்தது. “சொல்லாமல் இன்னொரு பிள்ளையை இங்க வைச்சிருக்கிறீங்களோ? மேசைக்குள்ளயோ வைச்சிருக்கிறீங்கள்?”

அப்போதுதான் எனக்கு ‘இன் த டேபிள்’ என்று மூன்று சொல் கூடப் போனது விளங்கியது. அணி போய், பந்து போய், மேசை மட்டும் வந்திருக்கிறது. ஆனால் மற்றது விளங்கவில்லை.

“ரண்டாவது நான் எழுதினது.”

“நீங்களோ லீ ஹுவா?”

“இல்லை. நான் பாக்கியம்.”

“அப்ப ஏன் லீ ஹுவா எண்டு பேர் போட்டனீங்கள்?”

“அது பேர் இல்லை, ஹெலன்” என்று ஆறுதலாக, பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன். “அது முடிவு. உங்கட ஆக்கள் கடிதத்தை அப்படித்தானே முடிக்கிறது. உங்களுக்குத் தெரியாதோ?”

ஹெலன் என் கடிதத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தாள்.

படியில் இருந்து கேத்தில் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சின்னி. படியிலேயே இருந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எடுக்க ஏலாமல் சிரிக்கிறாள்.

“அன்ரி! லீ ஹுவா ஒரு ஆள்!”

“எந்த ஊர் ஆள்?”

“ஒரு ஊரும் இல்லை! பரீட்சையில சொந்தப் பேர் எழுதினால் பூச்சியம். அதால நாடு முழுக்க எல்லாப் பிள்ளையளும் லீ ஹுவா. நான் லீ ஹுவா, என்ர வகுப்பு முழுக்க லீ ஹுவா, என்ர ரீச்சரும் படிக்கேக்க லீ ஹுவா!”

“பீட்டர் மாதிரியோ?”

“ஓம், பீட்டர் மாதிரி!”

ஹெலன் முதல் கடிதத்தை அவளிடம் நீட்டினாள். “அப்ப இது?”

சின்னி வாங்கிப் பார்த்தாள். கடைசி வரியில் கண் நின்றது. கையால் வாயைப் பொத்தி, “ஐயோ!” என்றாள். என்னிடம் படித்த சொல். “நான்தான். எனக்கும் தெரியாமல்... கை தானே எழுதிப் போட்டுது.”

பாருங்கள். எனக்கு ஒன்றும் சொல்லாமல் இவளும் எழுதியிருக்கிறாள். இவளுக்கு ஒன்றும் சொல்லாமல் நானும் எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் லீ ஹுவா.

ஹெலன் கதிரையில் இருந்தாள். இப்போது குரல் அமைதியாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மிஸிஸ் பாக்கியம். உங்களுக்கு இங்கிலிஷ் வாசிக்க ஏலாது. அப்படித்தானே?”

சின்னி சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் அது தெரியாது. ஒவ்வொரு பின்னேரமும் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் இருந்தவள் நான்.

“ஏலாது” என்றேன். அந்த ஒரு சொல்லை முப்பது வருடமாக இந்த நாட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

“அப்ப இவ்வளவு நாளும் அந்த அரை மணித்தியாலம் என்ன செய்தனீங்கள்?”

“இருங்கோ. காட்டுறன்.”

சின்னி ஓடிப்போய் அந்தக் கிழமைத் தாளை எடுத்து வந்தாள். வாத்துகள் கூட்டமாகப் பறக்கிறதைப் பற்றியது. வாசித்தாள். “திருப்பி” என்றேன். வாசித்தாள். “முன்னுக்குப் போற வாத்து களைச்சால் என்ன செய்யும்?” என்றேன். சின்னி கையை இரண்டு பக்கமும் விரித்து, பின்னுக்குப் போய், ஹெலனின் கதிரைக்குப் பின்னால் பறந்து காட்டினாள். கேள்வி வந்தது. நாலு விடை.

“ரண்டாவது” என்றாள் ஹெலன், தன்னை அறியாமல்.

நான் கண்ணை மூடியிருந்தேன். “மூண்டாவது.”

சின்னி விடைத்தாளைப் புரட்டினாள். மூன்றாவது.

“தாள் பிழை” என்றாள் ஹெலன்.

“இல்லை ஹெலன்” என்றாள் சின்னி. “அன்ரி பிழை விடுறேல்லை.” பிறகு என்னைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஊரில நான் வாசிக்க எல்லாரும் புள்ளிதான் கேப்பினம். அன்ரி மட்டும்தான் பிறகு என்ன நடந்ததெண்டு கேக்கிறவ.”

ஹெலன் தன் சப்பாத்தைப் பார்த்தாள். குனிந்து கழற்றினாள். எழும்பி, சுவரோரம் சோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தாள். மேசையைப் பார்த்தாள். கீழே இருக்கிற வெங்காயக் கூடையைப் பார்த்தாள். “மேசைக்குள்ள...” என்று தொடங்கினாள். முடிக்க ஏலவில்லை. சிரிப்பு வந்து விழுத்திவிட்டது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, துடைக்கிறாள், திரும்பவும் “மேசைக்குள்ள” என்கிறாள்.

சின்னி என் காதுக்குள் சொன்னாள்: “அன்ரி, கடைசிப் பந்தி.”

அந்த நேரம் பார்த்து யன்னலால் வெய்யிலும் வந்தது. தேவி இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு, “பாக்கியக்கா, வெய்யிலை விடுங்கோ, ஆரும் நம்பாயினம்” என்கிறாள். நான் என்ன செய்ய? வந்தது.

ஹெலன் தன் படிவத்தை எடுத்தாள். “நான் வெள்ளிக்கிழமைக்குள்ள இங்கிலிஷில, எழுத்தில ஒரு வரி கேட்டனான். வெள்ளிக்கிழமை வந்தது. கருத்து இருக்க வேணும் எண்டு விதியில இல்லை.” சரி போட்டாள். பிறகு தேத்தண்ணி கேட்டாள்.

பதினைந்துக்கு

தவணை முடிந்து சின்னி ஊருக்குப் போனாள். போய்க் கொஞ்சக் காலத்தில் ஒரு படம் அனுப்பினாள், பயிற்சித் தாள். பிரித்தானிய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுது, பேரை நீயே வை என்று கேள்வி. இவள் ‘டியர் பாக்கியம்’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை அதைச் சிவப்பில் சுழித்து, இப்படி ஒரு பிரித்தானியப் பேர் இல்லை என்று ஒரு புள்ளியை வெட்டிவிட்டா.

இல்லையா?

தேவி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தெரியாத சொல்லுக்கு மட்டும் எழுத்துக் கேட்டேன். நாலு காலை போனது. டியர் ரீச்சர். அறிந்து மகிழ்ச்சி. நான் லண்டனில் இருக்கிறேன். அந்த ஒரு புள்ளியைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன். அப்ரிஷியேட் ஒரே சொல் என்று இப்போது எனக்குத் தெரியும். விரைவில் பதிலை எதிர்பார்க்கிறேன். யுவர்ஸ் போட்டு, பக்கத்தில் என் பேரை ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டு எழுத்து. வரையவில்லை, எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துச் சீன முத்திரையோடு ஒரு கடித உறை வந்தது. தனக்கு அந்தப் புள்ளி திரும்பக் கிடைத்துவிட்டது என்று சின்னி ஒரு துண்டில் எழுதியிருந்தாள். உள்ளே இருந்தது என்னுடைய கடிதம்தான். ஆசிரியை அதைத் திருத்தி அனுப்பியிருக்கிறா. அங்கே ஒரு சிவப்புக் கோடு, இங்கே ஒரு சிவப்புச் சுழி. மேலே, ஓரத்தில், பதினைந்துக்குப் பதினொன்று.

இரண்டாம் வகுப்போடு நின்றவளுக்குத் திருத்திய தாள் ஒன்று கைக்கு வந்தது அதுதான் முதல் தரம். பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குப் பால் எடுக்கிற சாட்டில் காட்டுவேன்.

மீதி நாலு புள்ளியும் எங்கே போனது என்று கேட்டு இப்போது இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.